சாரம் என்ற சொல்லுக்கு ஏன் சிவப்பு வட்டம்?

கேள்வி:

நான் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் எட்டாம் தரத்துக்குத் தமிழ் படிப்பிக்கிறேன். 'எங்கள் வீட்டில் ஒரு பெரியவர்' என்ற தலைப்பில் கட்டுரை எழுதச் சொன்னேன். ஒரு பிள்ளை, 'என் தாத்தா விடியற்காலையில் சாரம் கட்டிகொண்டு பெரட்டுக்குப் போவார்' என்று எழுதியிருந்தாள். 'சாரம்' என்பதைச் சிவப்புப் பேனையால் வட்டமிட்டு, மேலே 'வேட்டி' என்று திருத்தி, ஒரு புள்ளி குறைத்தேன். அடுத்த நாள் அவள் வந்து, "வேட்டி வேற, சாரம் வேற டீச்சர். தாத்தா வேட்டி கட்டுறது திருவிழாவுக்கு மட்டுந்தான்" என்றாள். என்னிடம் பதில் இல்லை. என்னிடம் இருக்கும் அகராதி தமிழ்நாட்டில் அச்சானது. அதில் சாரம் என்றால் சாறு, பிழிவு, கட்டடத்துக்குக் கட்டும் மரத்தட்டு என்றுதான் போட்டிருக்கிறது. ஆசிரியர் அறையில் ஒருவர், 'இடுப்பில் சார்த்துவதால் சாரம், சுத்தத் தமிழ்' என்றார். இன்னொருவர், 'அது சிங்களச் சொல், கைலி என்றுதான் எழுத வேண்டும்' என்றார். எது சரி? பரீட்சையில் பிள்ளைகள் சாரம் என்று எழுதலாமா?

— ஓர் ஆசிரியை, பொகவந்தலாவை

பதில்:

அன்புள்ள டீச்சருக்கு,

பிள்ளை சொன்னதுதான் சரி. வேட்டி வேறு, சாரம் வேறு. அந்த வித்தியாசத்தை அவள் அகராதியில் படித்திருக்க மாட்டாள். வீட்டுக் கொடியில் பார்த்திருப்பாள். கொடியில் போட்ட வேட்டி நாலு முழமோ எட்டு முழமோ ஒற்றைத் துணியாகத் தொங்கும். சாரம் அப்படித் தொங்காது. உள்ளே காற்றுப் புகுந்தால் கூடு மாதிரி உப்பும்.

சாரம் வாங்கப் போன அனுபவம் உங்களுக்கும் இருக்கும். ஹற்றன் கடைவீதியில் ஒரு புடவைக்கடையில் மடிப்புக் கலையாமல், கஞ்சி வாசத்தோடு எடுத்துத் தருவார்கள். அப்போது அதற்கு இரண்டு தலைப்பும் தனித்தனியாக இருக்கும். மூட்டாத சாரம். வெளியே தையல் மெசினோடு உட்கார்ந்திருப்பவரிடம் கொடுத்தால், இரண்டு தலைப்பையும் ஒன்றாகச் சேர்த்துப் பிடித்து, இந்தப் பக்கத்துக் கட்டம் அந்தப் பக்கத்துக் கட்டத்தோடு பொருந்துகிறதா என்று விரலால் நீவிப் பார்த்து, ஒரே ஓட்டமாகத் தைத்து நூலைப் பல்லால் கடித்து அறுத்துத் தருவார். இதற்குத்தான் மூட்டுதல் என்று பெயர். மூட்டியதும் அது தலைப்பு இல்லாத குழல். ஆள் அதற்குள் இறங்கி நிற்கிறார். சுற்றளவு இடுப்பைப் போல இரண்டு மடங்கு இருக்கும்; மிச்சத்தை முன்னால் கொண்டுவந்து மடித்துச் செருகிக்கொள்கிறார். தளர்வாக இருக்கிறது, ஆனால் விழுவதில்லை.

அந்த மூட்டிலேதான் சொல்லின் பொருள் இருக்கிறது, டீச்சர்.

சாரம் மலாய் மொழியிலிருந்து வந்தது. அங்கே அது சாருங். சாருங் என்றால் உறை. கிரிஸ் என்ற நெளிநெளியான குத்துவாளைச் செருகி வைக்கும் உறை, சாருங் கிரிஸ். கைக்கு அவர்கள் சொல் தாஙான். கையுறை, சாருங் தாஙான். காலுறை, சாருங் காக்கி. தலையணை உறை, சாருங் பந்தால். துணிக்குக் காயின் என்று பெயர். ஆகவே இடுப்பில் கட்டுகிற உடுப்பின் முழுப் பெயர் காயின் சாருங், அதாவது உறைத்துணி. காலப்போக்கில் சாருங் என்ற பாதிச் சொல்லே உடுப்பைக் குறிக்கப் போதுமானதாகிவிட்டது. தமிழில் உறை என்ற சொல் எங்கெல்லாம் வருகிறதோ, ஏறக்குறைய அங்கெல்லாம் மலாயில் சாருங் வருவதைப் பாருங்கள். வாளுறை, கையுறை, காலுறை, தலையணை உறை. நாம் அந்தப் பெயரை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் மொழிபெயர்த்திருந்தால் இன்று அதை இடுப்புறை என்று சொல்லிக்கொண்டிருப்போம்.

இந்த இடத்தில் என் அப்பாயியைப் பற்றிச் சொல்லாமல் போக முடியவில்லை. தாத்தாவின் பழைய சாரம் எதையும் அவர் எறிய விட்டதில்லை. உட்காருகிற இடம் நைந்து நூல் தெரியத் தொடங்கியதும், கிழியாத பக்கத்தைக் கத்தரித்து, லயத்து இஸ்தோப்பில் காலை நீட்டி உட்கார்ந்து, கையாலேயே தலையணை உறை தைப்பார். மூட்டின தையலை மட்டும் அவிழ்க்கவே மாட்டார். அது ஓரமாக வரும்படி மடித்துக் கத்தரிப்பார். மெசின் தையல் ஒரு பக்கம் தயாராக இருக்கும், அவருக்கு மிச்சம் இரண்டு பக்கம்தான் வேலை. நான் தலை வைத்துப் படுத்த உறை நீலமும் அரக்குமாகக் கட்டம் போட்டது. எத்தனை தடவை பீலியில் அடித்துத் துவைத்தாலும் தாத்தாவின் புகையிலை வாசம் அதில் லேசாக இருக்கும். பல வருடம் கழித்து ஒரு மலாய் அகராதியைப் புரட்டும்போது 'சாருங் பந்தால்' என்ற பதிவு கண்ணில் பட்டது. புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். அப்பாயிக்கு மலாய் தெரியாது, எழுத்தும் தெரியாது. ஆனால் அந்தச் சொல் என்ன சொல்கிறதோ அதையே அவர் கை செய்துகொண்டிருந்தது.

சரி, மலாய்ச் சொல் நம் மலைக்கு எப்படி வந்தது? ஒல்லாந்தர் 1656இல் கொழும்பையும் 1658இல் யாழ்ப்பாணத்தையும் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்தார்கள். ஆசியாவில் அவர்களுடைய தலைமையிடம் ஜாவாவில் இருந்த பத்தாவியா, இன்றைய ஜகார்த்தா. அந்தத் தீவுகளிலிருந்து படைவீரர்கள், நாடுகடத்தப்பட்ட அரச குடும்பத்தவர்கள், கைதிகள் என்று பலர் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டார்கள். எந்தத் தீவிலிருந்து வந்தாலும் அவர்கள் பொதுவாகப் பேசியது மலாய். பிறகு வந்த ஆங்கிலேயரும் மலாய் வீரர்களை வைத்துப் படை நடத்தினார்கள். 1803இல் கண்டியில் நிறுத்தப்பட்ட ஆங்கிலப் படையிலும் மலாய் வீரர்கள் இருந்தார்கள். பின்னாளில் சிலோன் ரைபிள் படை என்று பெயர் பெற்ற அந்தப் படைப்பிரிவு 1873இல் கலைக்கப்பட்டபோது, பலர் பொலிசிலும் தோட்டங்களிலும் வேலைக்குச் சேர்ந்தார்கள். கண்டி, பதுளை, நுவரெலியா போன்ற மலைநாட்டு ஊர்களில் மலாய்க் குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன.

அவர்கள் பேசும் மலாயைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மலேசியாவில் பேசுகிற மலாய் மாதிரி அது இப்போது இல்லை. வினைச்சொல் வசனத்தின் கடைசிக்கு வந்துவிட்டது. பெயருக்குப் பின்னால் வேற்றுமை உருபு ஒட்டுகிறது. நமது 'கு' செய்கிற வேலையை அங்கே 'நங்' செய்கிறது. தமிழோடும் சிங்களத்தோடும் நூற்றாண்டுக் கணக்கில் பழகியதால் வந்த மாற்றம் இது. நாம் அவர்களிடமிருந்து உடுப்பின் பெயரை எடுத்தோம். அவர்கள் வசனம் கட்டுகிற முறையை இங்கிருந்து எடுத்துக்கொண்டார்கள்.

சாருங் சாரம் ஆனதும் ஒழுங்கான மாற்றம்தான். தமிழில் எந்தச் சொல்லும் 'ங்' என்று முடியாது. நம் காதுக்கு அதற்கு மிகவும் பக்கத்து ஒலி 'ம்'. மலேசியத் தமிழர்கள் கம்போங் என்ற மலாய்ச் சொல்லைக் கம்பம் என்று சொல்வதும் இதே வழியில்தான். ஒரு சொல் 'அம்' என்று முடிந்துவிட்டால் அப்புறம் தமிழ் இலக்கணம் அதைப் பார்த்துக்கொள்ளும். மரம் மரத்தை ஆகிற மாதிரி, சாரம் சாரத்தை, சாரத்தில், சாரத்தோடு என்று அத்துச் சாரியை ஏற்று நடக்கிறது. 'தாத்தா சாரத்தை மடிச்சுக் கட்டிக்கிட்டு ஆத்துல இறங்கினாரு' என்று உங்கள் வகுப்பில் எந்தப் பிள்ளையும் சொல்லும். யாரும் சொல்லிக்கொடுக்காமலே அந்தப் பிள்ளை ஒரு மலாய்ச் சொல்லை இரண்டாம் வேற்றுமையில் பிழையில்லாமல் நிறுத்துகிறது.

கிழக்கிலும் முஸ்லிம் வீடுகளிலும் இதைச் சாரன் என்பார்கள். அதைக் கேட்டுவிட்டுக் கொச்சை என்று நினைக்க வேண்டாம். அறம் அறன் என்றும், நிலம் நிலன் என்றும் வருவதை இறுதிப்போலி என்று நீங்களே படிப்பித்திருப்பீர்கள். மகரம் னகரமாகிற அதே பழைய விதி, வெளியிலிருந்து வந்த ஒரு சொல்லிலும் வேலை செய்திருக்கிறது. இறுதிப்போலிக்கு இதைவிட உயிருள்ள உதாரணம் எனக்குத் தெரியாது. வகுப்பில் சொல்லிப் பாருங்கள். பிள்ளைகள் மறக்க மாட்டார்கள்.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த பகுதிக்கு வருகிறேன். பெயர் அங்கிருந்து வந்தது, சரி. துணி எங்கிருந்து போனது? மலாய்க்கார ஆண்கள் வீட்டிலும் பள்ளிவாசலிலும் உடுக்கிற கட்டம்போட்ட பருத்திச் சாரத்துக்கு மலேசியாவில் காயின் பெலிக்காட் என்று பெயர். பெலிக்காட் என்பது ஓர் ஊர். சென்னைக்கு வடக்கே கடலோரம் இருக்கும் நமது பழவேற்காடு. ஐரோப்பியர் வாயில் அது புலிக்காட் ஆனது. ஒல்லாந்தர் 1613இல் அங்கே கெல்ட்ரியா என்ற கோட்டையைக் கட்டினார்கள். சோழமண்டலக் கரையில் நெய்த துணியை வாங்கி, கிழக்குத் தீவுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்து, அதற்குப் பதிலாகக் கராம்பும் சாதிக்காயும் வாங்குவது அவர்களுடைய பெரிய வியாபாரம். அந்தத் தீவுகளில் காசைவிட நம் பக்கத்துத் துணிக்கு மதிப்பு இருந்தது. கப்பலேறிய ஊரின் பெயர் துணியோடு சேர்ந்து போய் மலாய் மொழியில் தங்கிவிட்டது.

நம் கடைகளில் 'பலயகட் சாரம்' என்று கேட்டு வாங்குகிறோமே, அந்தப் பலயகட்டும் இதே பழவேற்காடுதான். கடைக்காரருக்கு அது ஒரு ரகத்தின் பெயர். வாங்குகிறவருக்கு நல்ல துணி என்பதற்கு அடையாளம். ஆனால் அந்த இரண்டு சொல்லையும் சேர்த்துச் சொல்லும்போது, முன்பாதி தமிழ்க் கரையிலிருந்து மலாய்த் தீவுகளுக்குப் போன பெயர், பின்பாதி மலாய்த் தீவுகளிலிருந்து தமிழுக்கு வந்த பெயர். கடல் தாண்டிப் போனதும் கடல் தாண்டி வந்ததும் ஒரே துணியில், ஒரே மூட்டில் சேர்ந்திருக்கின்றன.

உங்கள் ஆசிரியர் அறை விவாதத்துக்கு வருவோம். சார்த்துவதால் சாரம் என்பது கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் நிற்காது. சாமிக்கு மாலை சார்த்துகிறோம். இடுப்புத் துணியை யாரும் சார்த்துவதில்லை, கட்டுகிறோம், உடுக்கிறோம். தமிழின் சொந்தச் சொல்லாக இருந்திருந்தால் திருச்சிப் பக்கத்துக் கிராமத்திலும் இந்தப் பொருளில் வழங்கியிருக்க வேண்டும். அங்கே போய் 'சாரம் கட்டினான்' என்றால், கட்டடத்தைச் சுற்றிக் கம்பு நாட்டிப் பலகை போடுகிற ஆள்தான் நினைவுக்கு வருவார். சாறு என்ற பொருளில் வரும் சாரம் வடசொல். நவச்சாரத்தில் இருக்கிற சாரம் இன்னொரு வடசொல். எழுத்தில் ஒன்றுபோல இருந்தாலும் எல்லாம் வேறு வேறு சொற்கள். உங்கள் அகராதி பொய் சொல்லவில்லை, இலங்கைக்கு வந்து பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

சிங்களச் சொல் என்பதும் சரியில்லை. சிங்களத்தில் சரம என்கிறார்கள். அவர்களும் அதே மலாய்ச் சொல்லைத்தான் எடுத்தார்கள்.

வேறொரு கருத்தும் உண்டு. 1886இல் வெளிவந்த ஹாப்சன் ஜாப்சன் என்ற ஆங்கிலோ இந்தியச் சொல்லகராதி, பல நிறம் கொண்டது என்று பொருள்படும் சாரங்க என்ற வடசொல்லிலிருந்து இது பிறந்தது என்கிறது. நான் அதை ஏற்கவில்லை. கத்தி உறைக்கும் தலையணை உறைக்கும் கையுறைக்கும் பல நிறத்தோடு என்ன சம்பந்தம்? உறை என்ற பொருள் முதலில் இருந்து, அது உடுப்புக்கும் பரவியது என்றால் எல்லாம் பொருந்துகிறது. இன்றைய அகராதிகளும் பெரும்பாலும் அந்தப் பக்கம்தான். ஆனால் அந்தப் பழைய பதிவில் நமக்கு வேண்டிய ஒரு செய்தி இருக்கிறது. இலங்கையில் இந்த உடுப்பும் பெயரும் வழக்கில் இருப்பதை அது அப்போதே குறித்திருக்கிறது.

கைலி பிழை இல்லை. தமிழ்நாட்டில் நன்றாக வழங்குகிற சொல். அங்கே இருந்து வரும் கதையில் கைலி என்றே இருக்கட்டும். லுங்கி பாரசீகத்திலிருந்து உருது வழியாக வந்தது. சுத்தத் தமிழ் வேண்டும் என்று சாரத்தை எடுத்துவிட்டு லுங்கியை வைத்தால், ஓர் இரவல் சொல்லை எடுத்து இன்னோர் இரவல் சொல்லை வைக்கிறோம்.

இரவல் வாங்குவதில் வெட்கப்பட எதுவும் இல்லை. உங்கள் வகுப்பறையின் யன்னல், மேசை, அலுமாரி, பிள்ளைகள் போட்டிருக்கும் சப்பாத்து எல்லாம் போர்த்துக்கேயம். அதிபரின் கந்தோர் ஒல்லாந்தச் சொல். சங்கப் பாடல்களில் ஆடைக்கு உடுக்கை, துகில், அறுவை என்று எத்தனையோ பெயர் இருந்தும், கலிங்கம் என்றும் சொன்னார்கள். கலிங்க நாட்டோடு சேர்த்து வழங்கிய பெயர். ஊர்ப் பெயரால் துணியை அழைப்பது பெலிக்காட்டில் தொடங்கிய பழக்கம் இல்லை.

இன்னொன்று. உங்கள் மாணவியின் அதே வசனத்தில் பெரட்டு என்ற சொல்லும் இருக்கிறது. ஆங்கிலத்துப் பரேட் அது. அதை நீங்கள் வட்டமிடவில்லை. சரியாகத்தான் செய்தீர்கள். விடியுமுன் எழுந்து வரிசையில் நின்று பெயர் கொடுத்த மக்களுக்கு அந்தக் காரியத்துக்கு வேறு சொல் கிடையாது. சாரத்தையும் அதே கண்ணால் பார்த்திருக்கலாம்.

நம் முன்னோர் 1820களிலிருந்து திருச்சி, சேலம், மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டைப் பக்கமிருந்து நடந்தும் கப்பலேறியும் வந்தவர்கள். வேட்டியையும் கம்பளியையும் சொல்லோடும் பொருளோடும் கொண்டுவந்தார்கள். சாரம் என்ற பெயர் அந்த மூட்டை முடிச்சில் இருக்கவில்லை. இங்கே வந்து, இந்தத் தீவின் யாழ்ப்பாணத்தாரோடும் மட்டக்களப்பாரோடும் முஸ்லிம்களோடும் சிங்களவரோடும் ஒரே கடைவீதியில் துணி வாங்கி எடுத்துக்கொண்ட சொல். மலையகத் தமிழ் தமிழ்நாட்டுத் தமிழின் ஒரு துண்டு, அவ்வளவுதான் என்று பேசுகிறவர்களிடம் நான் இந்தச் சொல்லைத்தான் எடுத்துக் காட்டுவேன். 1948இல் ஒரு சட்டம் போட்டு, நீங்கள் இந்த நாட்டுக் குடிமக்கள் இல்லை என்று இந்த மக்களிடம் சொன்னார்கள். அந்த மக்களின் அன்றாடப் பேச்சில் இந்தத் தீவின் சொற்கள் வேர்பிடித்துக் கிடக்கின்றன. அதில் ஒன்றைப் பிள்ளையின் கொப்பியில் நாமே சிவப்பு மையால் அடிக்கக் கூடாது என்பது என் வேண்டுகோள்.

பரீட்சையில் தாராளமாக எழுதலாம். இலங்கைத் தமிழில் அது பொதுச் சொல், கொச்சை அல்ல. மேற்கோள் குறியும் வேண்டியதில்லை. மூட்டிய உடுப்பு என்றால் சாரம், மூட்டாமல் நீளமாகக் கட்டுவது என்றால் வேட்டி. இரண்டும் தெரிந்த பிள்ளை, ஒன்றுதான் தெரிந்த பிள்ளையைவிடக் கூடுதலாகத் தமிழ் தெரிந்த பிள்ளை.

கடைசியாக அந்த வசனம். அவள் எழுதியபடியே நீங்கள் கடிதத்தில் எழுதியிருந்தால், அதில் ஒரு பிழை இருக்கத்தான் செய்கிறது. 'கட்டிகொண்டு' என்பது 'கட்டிக்கொண்டு' என்று வர வேண்டும். அங்கே வல்லினம் மிகும். உங்கள் வட்டம் ஒரு சொல் தள்ளி விழுந்திருக்க வேண்டும். நாளைக்கு அவளுடைய கொப்பியை வாங்கி, சாரத்தின் மேலுள்ள வட்டத்தை வெட்டி, பக்கத்தில் உங்கள் கையெழுத்தை வையுங்கள். அந்தப் புள்ளியைத் திருப்பிக் கொடுங்கள். ஒற்றுக்காக அரைப் புள்ளி குறைத்தாலும் மிச்சம் அரைப் புள்ளி அவளுக்கு வர வேண்டியது.